மலையில்லா ஊரில் மலை மிதிவண்டி

தஞ்சைத் தரணியில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கல்லணையிலிருந்து கடற்கரை வரை காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து பரப்பிய வண்டலே நிலம். கும்பகோணத்துக்காரர் மிதிவண்டியில் மேடேற வேண்டுமானால் ஆற்றுப் பாலத்தின்மீதுதான் ஏற வேண்டும். ஆயினும் இந்தச் சமவெளியின் வீடுகளில் மலை மிதிவண்டிகளுக்குக் குறைவில்லை. 1990களிலும் அதற்குப் பின்னும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்தவை அவை. தடித்த டயரும் நேரான கைப்பிடியும் கொண்டவை. சிலவற்றில் கியர் மாற்றும் பல்சக்கர அடுக்கும் உண்டு. பிள்ளை கல்லூரிக்குப் போனதும் வண்டி மாட்டுக் கொட்டகைக்கோ மாடிப்படியின் அடிக்கோ போய்ச் சேர்ந்தது. அதைப் புதுப்பித்து ஓட்டுவதா, காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? வாசகர்கள் பலரது வீட்டில் எழும் கேள்விதான் இது. இதற்கு விடை காண வண்டியின் வயதைக் கேட்டால் போதாது. அதன் உறுப்புகளின் அளவுகள் எங்கிருந்து வந்தன என்றும் கேட்க வேண்டும்.

மலை மிதிவண்டி என்ற வகையே பழைய வண்டியைப் புதுப்பித்ததால் பிறந்தது என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்ற மலைப்பாங்கான வட்டாரம் உள்ளது. 1970களில் அங்கிருந்த இளைஞர் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்த ஷ்வின் நிறுவனத்தின் வண்டிகளை மலிவாக வாங்கினர். பருத்த டயரும் கனத்த எஃகுச் சட்டமும் கொண்ட அவற்றில் ஏறிக் காட்டுப் பாதைகளில் பாய்ந்து இறங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்பாக்ஸ் என்ற ஊருக்கு அருகே முதல் பந்தயத்தையும் நடத்தினர். சுமார் இரண்டு மைல் தொலைவில் ஏறத்தாழ 1,300 அடி இறக்கம்!

அவ்வண்டிகளில் பிரேக் பின்சக்கர ஹப்பின் உள்ளே இருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொள்வோம். 400 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் ஜூல் நிலையாற்றல் வெளிப்படும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் தடையில் ஒரு பங்கு கழிந்தாலும், மீதமுள்ள வெப்பத்தின் பெரும்பகுதி கைக்குள் அடங்கும் அந்தச் சிறு ஹப்பிலேயே சேர்ந்தது. உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போனது. ஒவ்வோர் இறக்கத்திற்குப் பின்னும் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் திணிக்க வேண்டியிருந்ததால், பந்தயத்திற்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது.

இத்தொல்லைதான் அவர்களைச் சிந்திக்க வைத்தது. கேரி ஃபிஷர் போன்றோர் பழைய சட்டத்திலேயே வேறு பிரேக்கையும் கியர் அடுக்கையும் பொருத்தினர். பழைய சட்டங்கள் கிடைப்பது அரிதாகவே, 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். 1979இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே வகைக்கும் பெயராக நிலைத்தது. 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில், அது ஒரு விளையாட்டாகவும் இடம்பெற்றுவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே நெடுங்காலம் ஓடியவை ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர் தாங்கி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த கறுப்பு வண்டிகள். கம்பிகளால் இயங்கும் பிரேக், 28 அங்குலச் சக்கரம், ஒரே ஒரு பல்சக்கர விகிதம். மேடு பள்ளம் இல்லாத நாட்டில் அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால், பெடல் ஒரு முறை சுற்ற வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் கேரியரில் நெல்மூட்டையை ஏற்றி, வாய்க்கால் கரையோடு தள்ளிக்கொண்டு வருவதற்கும் அதே வண்டிதான்.

1939இல் போர் மூண்டதும் இறக்குமதி சுருங்கியது. 1942இல் மலேயா ஜப்பானியர் வசமானபோது ரப்பருக்கும் முடை வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன நம்மவர்கள் பால் வெட்டிய அதே தோட்டங்களின் ரப்பர்தான்! இருக்கும் வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவதைத் தவிர அக்காலத்தில் வேறு வழியில்லை. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பெற்றது, 1950களில் அசன்சோல், சோனிப்பட், லூதியானா ஆகிய இடங்களிலும் உற்பத்தி பெருகியது. இவர்களுள் எவரும் அடிப்படை அமைப்பை மாற்றவில்லை. ஆங்கில வண்டியின் அளவுகளையே பின்பற்றினர். புதுமை இல்லை என்று சிலர் இதைக் குறை கூறுவதுண்டு. எனக்கென்னவோ இதைவிடப் பெரிய உதவியை அவர்கள் செய்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது. தாத்தா வாங்கிய வண்டிக்குப் பேரன் காலத்திலும் திருவாரூர்க் கடைத்தெருவில் டயரும் கோனும் கிடைத்தது இதனால்தான்.

வண்டி கைமாறுவதும் எளிதாயிற்று. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்களுக்கு அவை நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தையொட்டிப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதிய அளவு கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டியிலேயே அவர்கள் ஏறினார்கள். குழந்தையை உட்கார வைக்க அந்தக் கம்பி வசதி என்று சொன்னவர்களும் உண்டு.

'ஓவராயில்' என்று கடைகளில் சொல்கிறார்களே, அதில் என்னதான் நடக்கிறது? சக்கரத்தின் அச்சில் கோன், ஹப்பில் கப், இவ்விரண்டிற்கும் இடையே எஃகுக் குண்டுகள். குண்டுகள் உருள்வதால் உராய்வு குறைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்று நீர் உட்புகுந்தால் கிரீஸ் கெட்டுத் துரு பிடிக்கும். வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்று இன்னும் கொடியது. வண்டலின் நுண்மணலில் உள்ள குவார்ட்சு மிகக் கடினமான பொருள். எண்ணெயோடு கலந்து செயினில் ஒட்டினால் அரம்போல் வேலை செய்யும். 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் எஃகுத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் சிறிது தேய, அத்தேய்வுகள் கூடிச் செயினே நீண்டதுபோல் ஆகிறது. நல்ல செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12⅛ அங்குலமாகிவிட்டால் செயினை மாற்ற வேண்டியதே. தாமதித்தால் அது பல்சக்கரங்களையும் தின்றுவிடும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். எஃகுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரு வரம்புக்கு உட்பட்ட விசை எத்தனை இலட்சம் முறை வந்து மோதினாலும் அது சோர்ந்து விரிவதில்லை. அலுமினியத்திற்கு அப்படியொரு வரம்பு இல்லை; சிறு அதிர்ச்சிகளும் கூடிக்கூடி ஒருநாள் கீறல் விடலாம். எஃகுச் சட்டத்தின் இணைப்பு விட்டால் உள்ளூர்ப் பற்றவைப்புக் கடையிலேயே ஒட்டிவிடலாம். அலுமினியத்தை அவ்வாறு ஒட்டினால் வெப்பப் பதம் கெட்டு, ஒட்டிய இடத்தின் அருகே வலு குறையும். ஆகவே பழைய வண்டியைப் புதுப்பிக்க எண்ணுவோர் முதலில் ஒரு காந்தத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது டயர். இங்குதான் ஏமாறுவோர் அதிகம். 26 அங்குலம் என்று எழுதியிருப்பன எல்லாம் ஒன்றல்ல. 26 × 1.75 என்று தசமத்தில் எழுதினால் அது மலை வண்டியின் டயர். ரிம்மில் அது அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதினால் விட்டம் 590 மில்லிமீட்டர். இதை அதில் மாட்டவே முடியாது. டயரின் பக்கத்தில் 47-559 என்பதுபோல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் தவறு நேராது. நம் பழைய 28 × 1½ வண்டிக்கு அந்த எண் 635. கறுப்பு வண்டியின் 635 தலைமுறைகளைக் கடந்து நிற்க, 2010க்குப் பின் மேலைநாட்டு மலை வண்டிகள் 584க்கும் 622க்கும் தாவிவிட்டன. நல்ல வேளையாக, 559 டயர் இந்தியாவில் இன்னும் செய்யப்படுகிறது.

1980இல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு மூட்டை சுமக்கும் வேலை மெல்ல அதற்குப் போயிற்று. பல சைக்கிள் கடைகள் மூடப்பட்டன. எஞ்சியிருக்கும் கடைக்காரர் கியர் வைத்த வண்டியைக் கண்டதும் 'இதெல்லாம் நம்மகிட்ட ஆகாது தம்பி' என்று கைவிரிக்கக் கூடும். அவரை விட்டுவிடாமல் ஹப்பைப் பிரிக்கச் சொல்லுங்கள். கோன், கப் வைத்த மலை வண்டிகளிலும் பொதுவாகப் பின் ஹப்பில் பக்கத்திற்கு ஒன்பது கால் அங்குலக் குண்டுகளே இருக்கும்; முன்னே 3/16 அங்குலக் குண்டுகள். இரண்டும் அவர் கடை டப்பாவில் இருப்பவைதான்.

ஃப்ரீவீலும் அப்படியே. அது ஹப்பில் திருகப்படும் மரையின் விட்டம் 1.37 அங்குலம்; அங்குலத்திற்கு 24 சுற்று. பர்மிங்காமில் துப்பாக்கி செய்துவந்த பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பெயரால் வழங்கும் அளவு இது. பழைய மலை வண்டிகளில் கியர் அடுக்கு இதே மரையில்தான் திருகப்பட்டது. பிற்காலத்து விலையுயர்ந்த வண்டிகளில் மட்டும் வேறு அமைப்பு. அடுக்கு தேய்ந்து, அதற்கு மாற்றும் கிடைக்கவில்லையா? கறுப்பு வண்டியின் 18 பல் ஃப்ரீவீலை அந்த இடத்தில் திருகி, அதற்குரிய அகலச் செயினை அளவாக வெட்டிப் போடலாம். பின்சக்கர அச்சு அமரும் பிளவு கிடையாக இருக்க வேண்டும், அவ்வளவே. செங்குத்தாக இருந்தால் செயினை இழுத்து இறுக்க வழியிராது. கியர் போய்விடுமே என்று வருந்துவோர், தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே அதை எத்தனை முறை மாற்றினோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.