தண்ணீரில் நின்ற காருக்கு எந்த கிரீஸ் போடணும்? எங்கே வாங்கணும்? - முழு விவரம்

2015 வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என சென்னையில் கார்கள் தண்ணீரில் மூழ்கி நின்ற காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது இன்ஜினைத்தான். சக்கரத்துக்குள் இருக்கும் கிரீஸை பலரும் கண்டுகொள்வதே இல்லை. சில வாரம் கழித்து வீலில் இருந்து 'உர்ர்ர்' என்று சத்தம் வரும்போதுதான் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறோம்.

சரி, கிரீஸ் என்றால் எல்லாம் ஒண்ணுதானா? இல்லை. வித்தியாசத்தைப் பார்க்கலாம் வாங்க.

தண்ணீர் பட்டால் கிரீஸுக்கு என்ன ஆகும்?

கிரீஸில் பெரும்பகுதி எண்ணெய்தான். அது வழிந்து ஓடாமல் இருக்க, கெட்டிப்படுத்தும் ஒரு வகை சோப்பைக் கலக்கிறார்கள். ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்துவைப்பது போல இந்த சோப்பு எண்ணெயைப் பிடித்துவைக்கும். தண்ணீர் கலந்தால் பிடி தளரும். கிரீஸ் பால் போல வெளுத்து, கொழகொழவென்று ஆகி, கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு இரும்போடு இரும்பு உரசும், துரு பிடிக்கும், பேரிங் போயிடும்.

எந்த வகை தண்ணீரைத் தாங்கும்?

* சோடியம் கிரீஸ்: தண்ணீரில் கரைந்துவிடும். மழைக்கு ஆகவே ஆகாது.
* லித்தியம் கிரீஸ்: கடையில் 'ஏபி3' என்று கேட்டால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். ஓரளவு ஈரத்தைத் தாங்கும்.
* லித்தியம் காம்ப்ளக்ஸ்: தண்ணீரையும் தாங்கும், சாதாரண லித்தியத்தைவிட அதிக சூட்டையும் தாங்கும்.
* கால்சியம் சல்போனேட் காம்ப்ளக்ஸ்: தண்ணீர், துரு இரண்டுக்கும் நல்ல பாதுகாப்பு. விலை கொஞ்சம் கூடுதல்.

எந்த பாகத்துக்கு எது?

வீல் பேரிங்: லித்தியம் காம்ப்ளக்ஸ் அல்லது கால்சியம் சல்போனேட் காம்ப்ளக்ஸ். பழைய கிரீஸை முழுசா கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் புதுசு வைக்கணும். காற்று அடித்து பேரிங்கை வேகமாகச் சுழல விடாதீங்க, உடைந்து தெறிக்கும் ஆபத்து உண்டு. இப்போது வரும் பல கார்களில் பேரிங் சீல் செய்யப்பட்டே வருகிறது. அதில் கிரீஸ் வைக்க முடியாது. சத்தம் வந்தால் மாற்றுவதுதான் வழி.

சிவி ஜாயிண்ட்: வண்டியைத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வருதா? ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். இதற்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கருப்பு கிரீஸ் வேணும். பூட் கிட் வாங்கும்போது பெரும்பாலும் கிரீஸ் பாக்கெட்டும் சேர்ந்தே வரும்.

பிரேக் காலிப்பர் பின்: ரொம்ப கவனமா இருக்க வேண்டிய இடம் இதுதான். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிக்கொண்டு பின் சிக்கிவிடும், பிரேக் பிடித்தபடியே நிற்கலாம். பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் அல்லது சிந்தெடிக் கிரீஸ் மட்டும்தான் போடணும். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளிகூட படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

பேட்டரி டெர்மினல்: முதலில் சுத்தம் செய்து டைட் பண்ணணும். அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவினாலே போதும்.

டப்பாவில் எதைப் பார்க்கணும்?

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சேர்க்கப்படும் சாயம்தான்.

* என்.எல்.ஜி.ஐ. எண்: கிரீஸ் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும். கார்களில் அதிகம் பயன்படுவது 2.
* ஜிசி-எல்பி: ஜிசி என்றால் வீல் பேரிங்குக்கும், எல்பி என்றால் சேசிஸ் பாகங்களுக்கும் ஏற்றது என்று அர்த்தம்.
* வாட்டர் வாஷ்அவுட்: தயாரிப்பு விவரத்தாளில் சதவீதமாக இருக்கும். சோதனையில் எவ்வளவு கிரீஸ் கழுவிக்கொண்டு போனது என்ற கணக்கு. எண் குறைய குறைய நல்லது. ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வெப்பநிலையில் சோதிக்கப்பட்டதா என்று பாருங்க.

படகுக்கான மரைன் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும் என்பதற்காக அப்படியே வீல் பேரிங்கில் வைக்க வேண்டாம். டிஸ்க் பிரேக் சூட்டை எல்லா மரைன் கிரீஸும் தாங்காது. ஜிசி குறியீடு இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பழசுக்கு மேலேயே புதுசை வைக்கலாமா?

கூடாது. உதாரணத்துக்கு, சில பாலியூரியா கிரீஸும் லித்தியம் கிரீஸும் கலந்தால் இளகி வெளியே வழிந்துவிடும். உள்ளே என்ன இருக்குனு தெரியலைன்னா, முழுசா துடைத்துவிட்டு ஆரம்பிப்பதே பாதுகாப்பு.

எங்கே வாங்கலாம்?

கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கடை, ஆயில் நிறுவனங்களின் டீலர், சென்னை ஜிபி ரோடு போன்ற ஸ்பேர் பார்ட்ஸ் சந்தைகளில் கிடைக்கும். சர்வோ, மாக், எச்பி போன்ற பொதுத்துறை பிராண்டுகளும் உண்டு. திறந்த டப்பாவில் இருந்து அள்ளித் தரும் லூஸ் கிரீஸை வாங்காதீங்க. சீல், தயாரித்த மாதம், ஆண்டு, பேட்ச் எண், எம்.ஆர்.பி. பார்த்து, பில்லோடு வாங்குங்க. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. எந்தப் பாகத்துக்கு எந்த கிரீஸ் என்று உங்க காரின் சர்வீஸ் மேனுவல் சொன்னால், அதுதான் முடிவு. சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் கார் நின்றிருந்தால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் உடனே வீலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க.