ரேடியம் பிறந்த கொட்டகை

ரேடியத்தைக் கண்ட கியூரி தம்பதிகளைப் புகழும் நாம், அவர்கள் உழைத்த இடத்தை நினைப்பதில்லை. பாரிஸ் லோமோன் வீதியிலே, முன்னர் மருத்துவ மாணாக்கர் பிணமறுத்துப் பயின்ற கொட்டகை அது. கூரை ஒழுகும், நச்சுப்புகை வெளியேறப் புகைபோக்கியுமில்லை. ஆதலின் முற்றத்தில் நின்றே தாதுவைக் காய்ச்சினர். 1902-ல் கிடைத்த ரேடிய உப்பு கிராமில் பத்திலொரு பங்கே.

அரசாங்கம் பியேருக்குக் கௌரவச் சின்னம் அளிக்க முன்வந்தது. தமக்கு வேண்டியது ஆராய்ச்சிச் சாலையே என அவர் மறுத்தார். சின்னத்திற்குச் செலவு சொற்பமன்றோ! 1906-ல் வண்டியில் சிக்கி அவர் மாண்டார்.

பின்னர்ப் பாஸ்டர் நிலையம் மேரிக்குச் சாலை கட்டித் தன்பால் அழைத்துக்கொள்ள முனைந்தது. அப்பொழுதுதான் சர்வகலாசாலை விழித்துப் பொதுப்பணத்தை அவிழ்த்தது. இரண்டும் செலவைப் பகிர்ந்தெழுப்பிய ரேடிய நிலையம் 1914-ல் முடிந்தது. உடனே யுத்தம் மூள, ஆராய்ச்சி தடைப்பட்டது. நிலையம் நின்ற வீதிக்குப் பியேரின் பெயரை இட்டிருந்தனர்.