பிக்கப்பில் கம்பிங் கபின், பின்னால் அன்ஹெங்கர்: பின் அச்சு எவ்வளவு தாங்கும்?

ஆஹெனுக்குத் தெற்கே ஐஃபல் மலைச்சரிவுகள், மேற்கே நெதர்லாந்தும் பெல்ஜியமும். விடுமுறைக்குப் பிக்கப்பின் தட்டில் கம்பிங் கபினை ஏற்றி, பின்னால் அன்ஹெங்கரையும் இழுக்க எண்ணுபவர் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் வலுவையல்ல, வாகனப் பதிவுப் பத்திரத்தை.

ஃபோர்ட் ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் பல வகைகள் 3500 கிலோவரை இழுக்க அனுமதி பெற்றவை. தட்டும் நிரம்பியிருக்கும்போது அந்தக் கணக்கு செல்லாமல் போகலாம். ஓர் உதாரணம்: மொத்த எடை அனுமதி (எஃப்.2) 3200 கிலோ, சாரதியுடன் சேர்ந்த வெற்று எடை (ஜி) 2200 என்றால் மிச்சம் 1000. கபின் 600, தண்ணீரும் எரிவாயுவும் 100, மனைவி பிள்ளைகள் 150, சாமான்கள் 100. நம்மவர் பயணத்தில் அரிசி மூட்டையும் பெரிய சட்டியும் இல்லாமல் இராதே! இத்தோடு 950. அன்ஹெங்கர் கொளுவியில் அழுத்தும் 100 கிலோவும் பிக்கப்பின் எடையில்தான் சேரும். 50 கிலோ கூடிவிட்டது.

இதைவிடச் சிக்கலானது பின் அச்சு. கொளுவி அச்சுக்கு 1.3 மீற்றர் பின்னால், முன்பின் அச்சுகளுக்கிடையே 3.2 மீற்றர் என்றால், அந்த 100 கிலோ பின் அச்சில் ஏறத்தாழ 140 கிலோவாக இறங்கும். முன் அச்சில் 40 கிலோ குறையும். முன்சில்லின் பிடி தளர்ந்தால் மலை இறக்கத்தில் ஸ்டியரிங் சொல்வழி கேளாது. நீண்ட கபினுக்காகக் கொளுவியை இன்னும் பின்தள்ளினால் நிலைமை மோசமாகும். கபினின் எடைமையம் பின் அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும்.

காற்று ஸ்பிரிங் பூட்டினால் வாகனத்தின் பின்புறம் நிமிரும், ஆனால் சுமை அனுமதி தானாகக் கூடாது. பரிசோதனை நிலையம் ஏற்றுப் பத்திரத்தில் பதிந்தால்தான் உயர்ந்த எடை செல்லும். பத்திரத்தில் 8ஆம் பிரிவு அச்சுச் சுமையையும், ஓ.1 பிரேக் உள்ள அன்ஹெங்கரின் எடையையும், 13 கொளுவியின் அழுத்தத்தையும் சொல்லும்.

இறக்கி வைக்கக்கூடிய கபின் சட்டப்படி சுமைதான். ஆகவே இறுகக் கட்டுவது சாரதியின் பொறுப்பு. பின்விளக்கையும் இலக்கத்தகட்டையும் மறைத்தால் கபினில் வேறு பூட்ட வேண்டும்.

பி அனுமதிப்பத்திரத்துடன் 750 கிலோவரை அனுமதியுள்ள அன்ஹெங்கரை இழுக்கலாம். அதற்கு மேலென்றால் இரண்டின் அனுமதி எடையும் சேர்ந்து 3500ஐத் தாண்டக் கூடாது. பி96 பயிற்சி அதை 4250 ஆக்கும், பரீட்சை இல்லை. அதற்கும் மேல் பிஇ, ஓட்டப் பரீட்சையுடன். 1999க்கு முன் பழைய 3ஆம் வகுப்பு எடுத்த எங்கள் மூத்தவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.

அன்ஹெங்கருடன் ஜேர்மனியில் வேகம் 80. தகுதி பெற்றுப் பதிந்தால் ஓட்டோபானில் 100. எல்லை தாண்டி நெதர்லாந்து நெடுஞ்சாலையில் 90.

எல்லாம் ஏற்றி, எல்லோரும் அமர்ந்த பின், கட்டடப் பொருள் விற்குமிடத்து வாகனத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். முழு வாகனத்தையும், பிறகு பின்சில்லுகளை மட்டும் ஏற்றியும்.