கடைசலும் மெருகும்

கடைதல் என்னும் வினைச்சொல்லுக்கு நம் அகராதிகள் தரும் பொருள்களுள் இரண்டு தலைமையானவை. மத்திட்டுத் தயிரைக் கடைதல் ஒன்று. மரத்தையும் தந்தத்தையும் கடைசல் பிடித்து உருட்சியாக்குதல் மற்றொன்று. ஆய்ச்சியின் தொழிலும் தச்சனின் தொழிலும் ஒரே சொல்லால் வழங்கப்பெறுவது ஏன் என்னும் வினாவை இலக்கியம் பயில்வோராகிய நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. மெருகு என்னும் சொல்லும் இத்தகையதே. நடைக்கு மெருகு, கவிதைக்கு மெருகு என நாள்தோறும் எழுதுகின்றோம். மெருகு எவ்வாறு பிறக்கின்றது என எண்ணுவதில்லை. இவ்விரு சொற்களையும் அவற்றிற்குரிய பட்டறையில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. கயிறும் சுழற்சியும்

மின்விசை வருமுன் நம் நாட்டில் வழங்கிய கடைசற்பொறி மிக எளிய அமைப்புடையது. இரு முனைகளுக்கிடையே மரத்துண்டு கிடையாகப் பொருத்தப்பெறும். அதன்மேற் கயிற்றைச் சுற்றி, அதன் இரு தலைப்பையும் மாறி மாறி ஒருவர் இழுப்பர். கயிற்றை வில்லில் நாணாகப் பூட்டி இயக்குதலும் உண்டு. மரம் ஒருகால் முன்னும் ஒருகால் பின்னுமாகச் சுழலும். முன்னோக்கிச் சுழலும்போதே உளி மரத்தைச் சீவும். மீளும்போது கைவினைஞர் உளியின் அழுத்தத்தைத் தளர்த்துவர்.

மத்தும் கயிறும் இயங்கும் முறை இதுவேயன்றோ? மத்து நிமிர்ந்து நிற்பது, மரம் கிடப்பது, வேறுபாடு அவ்வளவே. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை, மலையை மத்தாகவும் வாசுகியை நாணாகவும் கொண்டு திருமால் கடல் கடைந்த செய்தியைப் பாடுகின்றது. அக்காட்சியைக் கிடையாகச் சாய்த்து நோக்கின் கடைசற்பட்டறை நம் கண்முன் தோன்றும். ஆதலின், கயிற்றினால் முன்பின்னாகச் சுழற்றுதல் என்னும் செயல் ஒன்றே இவ்விரு பொருளுக்கும் அடிப்படை என்பது நம் துணிபு. மலையாளமும் கன்னடமும் இவ்வேர்ச்சொல்லை இவ்விரு பொருளிலும் வழங்குதல் இதற்கு அரண் செய்கின்றது.

2. சென்னபட்டணத்து மரபு

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணம், அரக்கேற்றிய மரப்பொம்மைகளாற் புகழ்பெற்ற ஊர். திப்பு சுல்தான் (ஆட்சி 1782–1799) பாரசீகக் கைவினைஞரை வருவித்து இத்தொழிலை அங்கு நிறுவினார் என்பது வழிவழிச் செய்தி. இதனை முற்றும் மறுக்க வேண்டுவதில்லை. அதன் அளவறிந்து கொள்ளல் வேண்டும்.

பாலி மொழியிலமைந்த தீகநிகாயத்து மகாசதிபட்டான சுத்தம், மூச்சினை உணர்ந்திருத்தலுக்குக் கடைசற்காரன் ஒருவனை உவமை கூறுகின்றது. நீள இழுக்கும்போது நீள இழுப்பதையும், குறுக இழுக்கும்போது குறுக இழுப்பதையும் அவன் அறிந்திருப்பான் என்பது அவ்வுவமை. ஈண்டு இழுத்தல் என்றது கருதத்தக்கது. உள்ளிழுத்தும் வெளிவிட்டும் மாறி மாறி இயங்கும் மூச்சுக்கு, இருவழியும் இயங்கும் கயிற்றுப்பொறியே ஒத்த உவமையாகும். திப்புவுக்குப் பன்னூற்றாண்டு முன்னரே இந்நாட்டிற் கடைசல் நிகழ்ந்தது என்பது இதனால் விளங்கும்.

மொழிவழக்கும் இதற்குத் துணை நிற்கின்றது. வடநாட்டில் கடைசலைக் குறிக்கும் ‘கராத்’ என்னும் சொல் அரபு மூலத்தினின்று வந்தது. தென்மொழிகளோ தம் பழஞ்சொல்லையே காத்தன. தொழில் முழுவதும் அயலார் தந்ததாயின், அவர்தம் சொல்லும் உடன் வந்து நிலைத்திருத்தல் இயல்பு. சொல்லொன்றைக் கொண்டு காலத்தை வரையறுத்தல் இயலாது என்பது மெய்யே. எனினும் தொழில் வந்த வழியை அது காட்டும். பாரசீகக் கைவினைஞர் தந்தது ஒரு பாணியாகலாம், கடைசல் அன்று.

3. மெருகு பிறக்குமாறு

சென்னபட்டணத்தார் பெரிதும் கையாள்வது வெட்பாலை மரம். வெண்மையும் நெருங்கிய இழையும் உடையது. பாலைத்திணைக்குப் பெயர் தந்த மரம் இதுவே என்பாரும் உளர். கடைந்து வழவழப்பாக்கிய மரம் சுழன்றுகொண்டிருக்கையிலேயே நிறங்கலந்த அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துவர். அடுப்பும் தீயும் வேண்டா. உராய்வில் எழும் வெப்பமே அரக்கை இளக்கி மரத்திற் பற்றுவிக்கும். இந்நிலையில் நிறம் உண்டு, ஒளி நிரம்பவில்லை. பின்னர்த் தாழையினத்து உலர்ந்த மடலைச் சுழலும் பொருளின்மேல் அழுத்திப் பிடிப்பர். அரக்கு மீண்டும் இளகி, மேடு பள்ளம் சமனாகி, ஒரு சீராகப் பரந்து ஒளிரும். மடல் தன்பால் உள்ள எதனையும் பொருளின்மேற் பூசுவதில்லை. முன்னரே உள்ள அரக்கின் ஒளியை அது வெளிக்கொணர்கின்றது.

மேலைநாட்டு மரக்கடைசற்காரரிடையே இன்று பரவியுள்ள முறை வேறு. அங்கு மெருகிடும்போது சுழல்வது மரமன்று. கடைசற்பொறியின் தண்டிற் பூட்டிய, 8 அங்குல விட்டமுள்ள துணிவட்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,700 சுற்றுச் சுழலும் அவ்வட்டின்மேல், கடைந்து முடித்த கிண்ணத்தைக் கையாற் பிடித்துக் காட்டுவர். வட்டின் நடுவரைக்குக் கீழேயே பிடித்தல் வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு வட்டினை எதிர்ப்படின், வட்டு அதனைப் பறித்து எறிந்துவிடும். முதல் வட்டிற்குத் திரிபோலி என்னும் நுண்பொடிக் கட்டியும், இரண்டாவதற்கு வெண்வைரம் என்னும் வணிகப் பெயருடைய அதனினும் நுண்ணிய கட்டியும், மூன்றாவதற்குக் கர்னாபா மெழுகும் இடுவர். வெண்வைரத்திற் பெயரளவிலன்றி வைரம் இல்லை. கர்னாபா, பிரேசில் நாட்டுப் பனையினம் ஒன்றன் ஓலையிற் கிடைப்பது.

இம்முறையில் முதலிரு வட்டுகளும் மரத்தின் மேற்புறத்தை நுண்ணிதாகத் தேய்த்துக் குறைக்கின்றன. மூன்றாவது வட்டு மெழுகைச் சேர்க்கின்றது. ஆயினும் அம்மெழுகை இளக்கிப் பரப்புவதும் உராய்வின் வெப்பமே. பொறி மாறினும், சுழல்வது மாறினும், ஒளி பிறக்குமிடம் மாறவில்லை.

முடிபு

இன்றைய திறனாய்வில் மெருகூட்டுதல் என்பது, முடிந்த ஒன்றன்மேற் புறத்தே அழகு சேர்த்தல் என்னும் பொருளில் ஆளப்பெறுகின்றது. பட்டறை வேறு கூறுகின்றது. அரக்கேற்றல் வேறு, மெருகு வேறு. முன்னையது சேர்த்தல், பின்னையது உள்ளதனை இடைவிடாது தேய்த்து ஒளிபெறச் செய்தல். ஒரு செய்யுளுக்கு மெருகு உண்டு என்போமாயின், புலவன் அதன்மேற் பூசியதனையன்று, அதனுள் உழைத்ததனையே குறித்தல் தகும்.

மின்விசைக் கடைசற்பொறி ஒரே திசையிற் சுழல்வது; அதில் முன்பின்னாக இழுக்கும் கயிறு இல்லை. கயிற்றுப்பொறி மறையுமாயின், கடைதல் என்னும் சொல்லின் இரு பொருளும் தொடர்பற்றனவாகவே வருங்கால மாணவர்க்குத் தோன்றும். அதனை இழுத்தறிந்த முதியோர் உள்ளபோதே அவர்தம் தொழிற்சொற்களைப் பட்டறைதோறும் சென்று தொகுத்தல் தமிழ்த்துறை மாணவரின் கடனாகும். சொல்லின் பொருளை ஏட்டில் மட்டும் தேடுதல் போதாது.