தோட்டத் துண்டாடலும் பத்து வெள்ளிப் பங்கும்



ஜொகூரில் வாழும் நமக்கு நில விலை வீழ்ச்சி என்றதும் இன்று கண்முன் வருவது, கேலாங் பாத்தா அருகே கடலைத் தூர்த்து எழுப்பப்பட்ட ஃபாரஸ்ட் சிட்டிதான். 7 லட்சம் பேர் குடியேறுவார்கள் என்று கணக்கிட்டு 2016-இல் விற்பனையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே சீன அரசாங்கம் தன் மக்கள் வெளிநாட்டில் பணம் போடுவதைக் கட்டுப்படுத்தியது. 2023-இல் அதைக் கட்டிய கன்ட்ரி கார்டன் நிறுவனமே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் நின்றது. மாடி வீடுகள் பல இரவில் விளக்கின்றிக் கிடந்தன. அங்கே நட்டப்பட்டவர்கள் முதல் போட்டவர்கள். குடியிருந்தவர்கள் மிகச் சிலரே. நாம் இன்று காணப்போகும் வரலாறு வேறு வகை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த நிலம், ஆனால் அவர்கள் பெயரில் இல்லாத நிலம், கைமாறிய வரலாறு அது.

முதலில் 1930-ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தைப் பார்ப்போம். 1929-இல் ராத்தல் சுமார் 34 காசுக்கு விற்ற ரப்பர், 1932-இல் சுமார் 7 காசுக்கு இறங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தவர்களால் வட்டி கட்ட இயலவில்லை. கடன் கொடுத்த செட்டியார்களின் கையில் நிலம் சேர்ந்தது. அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் அல்லர். வட்டிப் பணம் வராதபோது கிடைத்தது நிலம்தான். மலாய்க்காரர்களின் நிலம் இப்படிப் போய்விடக்கூடாதென்று 1933-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களிலும், 1936-இல் நம் ஜொகூரிலும் ஒதுக்கீட்டு நிலச் சட்டங்கள் வந்தன.

இதே கதை பர்மாவில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார்கள் வசம் இருந்தது. 1938-க்குள் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. விலை இறங்கிய நேரத்தில் வந்து சேர்ந்த அந்தச் சொத்து, 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பாலும், பிறகு சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டத்தாலும் கைவிட்டுப் போயிற்று.

இனி நமக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருவோம். கொரியப் போரால் 1951-இல் ரப்பர் விலை ராத்தலுக்குச் சராசரி 170 காசு வரை ஏறியது. இரண்டே ஆண்டுகளில் அது 67 காசு ஆயிற்று. செயற்கை ரப்பரின் போட்டி ஒருபுறம், அவசர காலம் ஒருபுறம், வரப்போகும் சுதந்திரத்தைப் பற்றிய ஐயம் மறுபுறம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போனால் போதும் என்ற மனநிலைக்கு வந்தன. லண்டன் பங்குச் சந்தையில் அவற்றின் பங்கு விலையும் தாழ்ந்து கிடந்தது.

துண்டாடல் எப்படி இலாபம் தந்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்குகிறேன். 1000 ஏக்கர் தோட்டம் ஒன்றை, ஏக்கருக்கு 500 வெள்ளி விழும்படி ஒரு வியாபாரக் கூட்டு மொத்தமாக வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே பத்துப் பத்து ஏக்கராக வெட்டி, ஏக்கர் 800 வெள்ளிக்கு விற்கிறது. மரம் ஒன்றுகூட நடாமல் 3 லட்சம் வெள்ளி கையில் நிற்கும். பெரிய நிலத்துக்கு வாங்குவோர் இல்லாதபோதும் சிறிய நிலத்துக்கு ஆள் உண்டு. துண்டாடலின் சூட்சுமம் இவ்வளவுதான்.

பத்து ஏக்கர் வாங்கிய புதிய உடைமையாளருக்கு ஒன்றிரண்டு பால்வெட்டுக்காரர் போதும். பலர் சொந்தக் குடும்பத்தையே வேலைக்கு வைத்தார்கள். சிலர் குறைந்த கூலிக்குக் குத்தகைக்காரரிடம் விட்டார்கள். லயத்துக்கு யார் பொறுப்பு? தண்ணீருக்கு யார்? ஆயாக்கொட்டகைக்கு, கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு யார்? கிராண்டு நூறு துண்டாகும்போது இவற்றுக்கு உரியவர் எவருமில்லாமல் போயினர். தோட்டப் பள்ளியில் கற்பிப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளி நிற்கும் மண் தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கும்வரை, தோட்டத்தின் விலை பள்ளியின் தலையெழுத்தாகவும் இருக்கிறது. ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பேராசிரியர் உங்கு அப்துல் அஜிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் நூலகங்களில் தேடிப் படிக்க வேண்டிய ஆய்வு அது.

இந்த நிலையில்தான் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன், தாமே சுங்கை சிப்புட்டில் தோட்ட உடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். விற்பனைக்கு வரும் தோட்டத்தை அங்கே வேலை செய்பவரே வாங்கினால் என்ன என்பது அவர் எண்ணம். பங்கு 100 வெள்ளி. நாட்கூலி மூன்று வெள்ளியைச் சுற்றி இருந்த காலத்தில், அது ஒரு மாத உழைப்புக்கும் மேல். ஆகவே மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம்.

துணிச்சலான காரியம்தான். ஏனென்றால் விலை இறங்குவது அப்போதும் நின்றபாடில்லை. 1960-இல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1968-இல் சுமார் 53 காசுக்கு வந்துவிட்டது. வாங்கி விற்று இலாபம் பார்க்க நினைத்திருந்தால் அத்தனை பேரும் அழிந்திருப்பார்கள். பங்கு போட்டவரோ நாளைய விலையை நினைத்துப் போடவில்லை. நாளையும் அதே லயத்தில் விடிய வேண்டும் என்று போட்டார். தோட்டம் துண்டாகாமல் ஒரே கையில் இருந்ததால் மறுநடவுக்கும் வழி இருந்தது. குறைந்த விலையில் வாங்குவோர் எல்லாரையும் ஒரே வகையில் சேர்த்துப் பேசுவது சரியன்று என்பது என் கருத்து.

சங்கம் வாங்கிய தோட்டங்கள் 18 வரை உயர்ந்தன. 1979-இல் துன் சம்பந்தன் மறைந்தபோது உறுப்பினர்கள் 85,000-க்கும் மேல். ஆயினும் நாடு முழுவதும் துண்டான தோட்டங்களுக்கு முன் இது சிறு பகுதியே. கையில் பத்து வெள்ளி மிஞ்சாதவர்களும், குடியுரிமை இல்லாமல் கப்பலேறியவர்களும் இதில் சேர்ந்திருக்க முடியாது. தோட்ட நிலத்தை அனுமதியின்றிப் பலருக்குப் பிரித்து விற்பதைத் தடுக்கும் விதி, 1972-இல்தான் தேசிய நிலச் சட்டத்தில் சேர்ந்தது; தோட்ட நில வாரியமும் அப்போதே ஏற்பட்டது. அதற்குள் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது.

நேயர்களே, சங்கம் இன்றும் இயங்குகிறது. உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவர்களானால், வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அவர்கள் பெயரில் பங்குப் பத்திரம் ஏதும் கிடைத்தால், கோலாலம்பூரிலுள்ள சங்க அலுவலகத்தில் காட்டி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.