உள்ளூர் நாணய விலை (இணையக் கடை)
இணையக் கடையில் விலையை வாங்குபவரின் நாட்டு நாணயத்திலேயே காட்டும் முறை. பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையிலிருந்து வெளிநாட்டுத் தமிழருக்குப் புடவை விற்கும் கடையில், சிங்கப்பூர்க்காரருக்கு டாலரும் குவைத்தில் இருப்பவருக்கு தினாரும் தெரியும். தினாருக்கு மூன்று தசம இடங்கள், ஜப்பானிய யென்னுக்கு ஒன்றுமில்லை. இதைக் கவனிக்காத மென்பொருள் விலையையே பிழையாக்கிவிடும். ஆனால் காட்டினால் மட்டும் போதாது. டாலரில் காட்டிவிட்டு ரூபாயில் வசூலித்தால், வாங்குபவரின் வங்கி தன் மாற்று விகிதத்தைப் போட்டு, பல நேரம் கட்டணமும் சேர்க்கும். பார்த்த விலை ஒன்று, கணக்கில் கழிவது வேறொன்று. காட்டிய நாணயத்திலேயே வசூலிப்பதுதான் நேர்மை. மாற்று விகிதம் தினமும் ஏறி இறங்கும்போது விற்பவருக்கு நட்டம் வராதா என்பார்கள். வரலாம். விலையைச் சற்றுக் கூட்டி வைத்து, அடிக்கடி திருத்தினால் அதைச் சமாளிக்கலாம். வாங்குபவருக்கோ அந்த வழியும் இல்லை. காட்டிய நாணயத்தில் வசூலிக்க முடியாத சிறு கடைகள், வசூல் ரூபாயில்தான் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.