சாமை விதையும் விஞ்ஞானியின் முகமும்

விஞ்ஞானி ஒருவரை வரையச் சொன்னால் பிள்ளைகள் யாரை வரைகிறார்கள்? டேவிட் வேட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், 4,807 குழந்தைகளின் படங்களுள் பெண் விஞ்ஞானியைக் காட்டியவை 28 மட்டுமே. அவற்றை வரைந்தவர்கள் அனைவரும் சிறுமியர். அவ்வாய்வு மேலைநாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. நம் நாட்டில் அந்த முகத்துக்குச் சாதியும் உண்டு.

அறிவியல்மீது இளைஞருக்கு ஈர்ப்பூட்ட வேண்டும் என்றால் உடனே கண்காட்சியும் வினாடி வினாவும் சாதனையாளர் சுவரொட்டியும் வந்துவிடுகின்றன. சுவரொட்டியில் தன் இனத்தார் ஒருவரையும் காணாத மாணவிக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டி என்ன பயன்?

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை, மலைவாழ்வோர் என்பதே பொருள்.) சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் பல நாட்டு ரகங்களை இம்மக்கள் காத்து வந்துள்ளனர். சாமையில் மட்டும் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை எனப் பல உண்டு. எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது, எந்த ரகம் விரைந்து விளையும், எது மெலிந்த சரிவு நிலத்திலும் தாங்கும் என்பவற்றைப் பெரிதும் பெண்களே அறிந்திருந்தனர். உற்றுநோக்கல், ஒப்பீடு, தெரிவு, மறுசோதனை: இதைப் பல்கலைக்கழகத்தில் செய்தால் பயிர்ப் பெருக்கவியல் என்கிறோம், மலையில் செய்தால் 'பாரம்பரிய அறிவு' என்று பெயர் சூட்டி ஒரு படி கீழே வைக்கிறோம்.

சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி மலையேறியபின் சிறுதானியப் பரப்பு சுருங்கியது. மரவள்ளி ரொக்கம் தந்தது என்பது ஒரு காரணம். உமி நீங்கச் சாமையை உரலில் இட்டுக் குத்தும் பாடு முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது என்பது மற்றொன்று. 1990-களில் இங்கு வந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ஊர் விதை வங்கிகளுடன் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது. பெண்ணின் உழைப்பையும் ஆய்வுக்குரிய பொருளாகக் கொண்டதே இம்முயற்சியின் சிறப்பு என்பது நம் கருத்து.

ஆயினும் அங்கீகாரம் யாருக்கு? நாட்டு ரகத்தை விவசாயிகளின் பெயரில் பதிவு செய்யவும், காத்த சமூகத்துக்குப் பரிசளிக்கவும் 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. விதை காத்த பெண்ணின் பெயர் அப்பதிவிலும் ஆய்வுக் கட்டுரையிலும் பாடநூலிலும் இடம்பெறும்போதுதான், அவருடைய மகளுக்கு அறிவியல் அந்நியமாகத் தோன்றாது.

அந்த மகள் ஆய்வுக்கூட வாசல்வரை வந்துவிட்டாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. அயனியாக்கச் சமன்பாட்டை 1920-இல் உலகுக்கு அளித்த மேகநாத் சாஹா, மாணவராகக் கல்கத்தா விடுதியில் தங்கியபோது சாதியின் பொருட்டு உணவுக்கூடத்தில் ஒதுக்கப்பட்டவர். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பிய ரோகித் வெமுலாவை ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் இழந்தோம். இவற்றை அறிந்த மாணவர் தயங்கினால் அதை ஆர்வக்குறைவு என்பது அநீதி.

சட்டமே சில கதவுகளைச் சாத்தி வைத்திருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம், 2019-இன் 4-ஆம் பிரிவு, 'சிறப்புமிக்க நிறுவனங்கள்' என்று பட்டியலிட்டவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அப்பட்டியலில் உள்ளது.  மாணவர் அமைப்புகள் முதலில் கேட்க வேண்டியது, அந்த விலக்கு நீக்கப்படுவதையே.